கடன் எடுக்க முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்



மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி போன மாதம் தொலைபேசியில் பேசினார். பிரதேச செயலகத்துக்குப் போகும் வழியில் சிறிய கடை வைத்திருக்கிறார். கடிதம் ரைப் செய்தல், போட்டோக்கொப்பி, படிவம் நிரப்பிக் கொடுத்தல், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றை இணையத்தில் பார்த்துக் கொடுத்தல் என்று நாளொன்றுக்கு இருபது முப்பது பேர் வந்துபோகும் கடை. 2006இல் இடம்பெயர்ந்து, பல இடங்களில் இருந்து, பிறகு ஊர் திரும்பியவர். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளும் வயதான தாயாரும் அந்தக் கடையை நம்பித்தான் இருக்கிறார்கள்.

"அக்கா, பகல் ரெண்டு மணியானால் கம்பியூட்டர் தானா நின்டுபோகுது. திருத்துற இடத்தில புரொசெசர் பழசு, எட்டுக் கோர் உள்ளது ஒன்டு வாங்குங்கோ என்டு சொல்லிட்டினம். கிழமைக் கடனுக்குக் குழுவில பேர் குடுத்திட்டன். எடுக்கட்டா?"

எடுங்கள் என்றும் சொல்லவில்லை, எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசியாக நின்றபோது என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகுதான் சொன்னார். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய முறைப்பாட்டுக்காக ஒரு தாய் பக்கத்தில் இருந்து விபரம் சொல்லிக்கொண்டிருந்தாராம். எந்தத் திகதி, எந்த இடம், கடைசியாக என்ன உடுப்பு என்று நான்கு பக்கம் வரை வந்திருக்கிறது. திரை கறுத்துப் போய்விட்டது. இடையில் ஒருமுறையும் சேமிக்கவில்லை. அந்தத் தாய் மறுநாள் திரும்ப வந்து முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. "அவவை ரெண்டாந்தரம் சொல்ல வைச்சது நான்தானே அக்கா" என்றார்.

இதைக் கேட்ட பிறகு தொலைபேசியில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சிறிய திருகாணிச் சாவியையும் வர்ணம் பூசும் தூரிகை ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். முன்பென்றால் திருகோணமலை இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்திருந்து கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, மற்றப் பாலங்களும் வந்த பிறகு தரைவழியாகவே போய்விடலாம்.

கடை தகரக் கூரை. கச்சான் காற்று வீசும் காலம். வெளியே வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் தகரத்தின் கீழ் அதைவிடக் கூட என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேசைக்குக் கீழே, சுவரோடு ஒட்டியபடி கம்பியூட்டர்ப் பெட்டி. அதற்குமேல் பூப்போட்ட துணி உறை ஒன்று, அவரே தைத்தது, ஓரத்தில் நூல் வேலையும் செய்திருந்தார். தூசி படாமல் இருக்கட்டும் என்று போர்த்தியது. ஆனால் பெட்டி ஓடும்போதும் போர்த்தியபடியே இருந்தது!

உறையைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைத் திறந்தோம். புரொசெசருக்கு மேல் ஒரு அலுமினியக் கட்டி இருக்கும், மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும், அதன் தலையில் விசிறி சுற்றும். அந்தத் தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிகளில் கடதாசித் தூசியும் சேரும். உள்ளே ஒரு மூலையில் பல்லி முட்டை இரண்டு. சகோதரி வெட்கப்பட்டார். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால்தானே?

மீன்பிடிக் குடும்பத்துச் சகோதரிகளுக்கு இது சட்டென்று விளங்கும். படகின் வெளியிணைப்பு எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தாரை பின்பக்கமாகப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். கடல்நீர் உள்ளே போய் எஞ்சினைக் குளிர்த்தி வெளியே வருகிறது என்பதற்கு அது அடையாளம். அந்தத் தாரை நின்றால் படகோட்டி உடனே எஞ்சினை நிற்பாட்டிவிடுவார், பாசியோ பொலித்தீனோ அடைத்துவிட்டது என்று தெரியும். கம்பியூட்டருக்கு நீர்த்தாரை இல்லை, காற்றுத்தாரைதான். பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடான காற்று வெளியே வந்தால் நல்லது. காற்றே வராமல் பெட்டி மட்டும் சுட்டால் அங்கேதான் அடைப்பு.

புரொசெசர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரும்பாலானவை 95, 100 பாகை அளவில் இதைச் செய்யும். அப்போது நமக்கு "கம்பியூட்டர் மெதுவாகிவிட்டது" என்று தோன்றும். அதற்கும் மேலே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டென்று நின்றுவிடும். நீங்கள் ரைப் செய்துகொண்டிருப்பது கலியாண அழைப்பிதழா ஒரு தாயின் வாக்குமூலமா என்று அது பார்க்காது. இன்னொன்று, விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக அதனால் முடியாது. அறையிலேயே 38 பாகை என்றால் அங்கேயிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. காலையில் நன்றாக ஓடிய பெட்டி இரண்டு மணிக்கு நிற்பது இதனால்தான்.

இனி அந்த "எட்டுக் கோர்" விடயத்துக்கு வருவோம். இதைப் பற்றி எழுதச் சொல்லி வேறு சில வாசகிகளும் கேட்டிருந்தீர்கள்.

கோர் என்பது ஒரு முழுப் புரொசெசரின் வேலையைத் தனியாகச் செய்யக்கூடிய பகுதி. ஒரு சில்லுக்குள் இரண்டு, நான்கு, எட்டு என்று அவற்றை வைக்கிறார்கள். ஒரே சமையலறையில் ஒருவர் நின்றால் ஒரு கோர். அவர் நான்கு அடுப்பையும் பார்க்கமாட்டார் என்றில்லை. சோற்றைக் கிளறி, கறியைப் பார்த்து, பால் பொங்காமல் ஓடிப்போய் இறக்கி, மீண்டும் சோற்றுக்கு வருவார். ஒரே கோர் உள்ள கம்பியூட்டரும் இப்படித்தான் ஒவ்வொரு வேலைக்கும் வினாடியின் மிகச் சிறிய பங்கை ஒதுக்கி மாறி மாறி ஓடியது. வேகமாக மாறுவதால் எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் நமக்குத் தெரிந்தது. (பெண்கள் ஒரே நேரத்தில் பத்து வேலை பார்ப்பார்கள் என்று மேடைகளில் புகழ்வார்களே, அதுவும் இந்தக் கணக்குத்தான். ஓடுகிறவளுக்கு எவ்வளவு சூடேறுகிறது என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.)

சமையலறையில் இரண்டாவது ஆள் வந்து நின்றால் வேலை பகிரப்படும். ஒருவர் கறிக்கு, ஒருவர் சோற்றுக்கு. ஆனால் ஒரு பானைச் சோற்றை இரண்டு பேர் நின்று பார்த்தாலும் அது வேகிற நேரத்துக்குத்தான் வேகும். அம்மி ஒன்று என்றால் இருவரில் ஒருவர் காத்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். கிணற்றில் தண்ணீர் ஊறாவிட்டால் எட்டுப் பேர் நின்றும் பயனில்லை. கம்பியூட்டரில் ராம் என்பது அடுப்படி மேசை, ஹாட் டிஸ்க் என்பது கிணறு. மேசையில் இடமில்லாவிட்டால் ஒவ்வொரு சாமானுக்கும் கிணற்றடிக்கு நடக்க வேண்டும். பழைய கம்பியூட்டர்கள் திணறுவது பெரும்பாலும் இந்த நடையினால்தான், ஆள் குறைவினால் அல்ல.

இந்த இரட்டைக் கோர்கள் ஏன் வந்தன தெரியுமா? அதுவும் சூட்டினால்தான். 2000ஆம் ஆண்டின் இறுதியில் இன்டெல் நிறுவனம் பென்டியம் 4 என்ற புரொசெசரை வெளியிட்டது. வேகம் 1.5 கிகாஹேர்ட்ஸ் அளவு. நான்கு வருடத்தில் அதை 3.8 வரைக்கும் இழுத்துப் பார்த்தார்கள். வேகம் கூடக்கூடச் சூடும் கூடியது. விரல் நகமளவு சில்லு ஒன்று 115 வோற், அதாவது நூறு வோற் குண்டு பல்புக்கும் மேலான சூட்டைக் கக்கியது. நான்கு கிகாஹேர்ட்ஸ் தருவோம் என்று சொல்லியிருந்தவர்கள் 2004 ஒக்டோபரில் அதைக் கைவிட்டார்கள். அந்த நிறுவனத்தின் அன்றைய தலைவர் கிரேக் பரெட் ஒரு மாநாட்டு மேடையில் பகிடியாக முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டார். இனி ஒரே அடுப்பில் விறகை அடுக்கி எரித்துப் பயனில்லை, மிதமான நெருப்பில் இரண்டு அடுப்பு மூட்டுவோம் என்ற முடிவுக்கு எல்லோரும் வந்தது அப்போதுதான். 2005 நடுப்பகுதியில் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் இரண்டு கோர் உள்ள மேசைக் கணினிப் புரொசெசர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அவற்றிலும் இன்டெல்லின் முதற்கட்டம் நெருப்புத்தான். 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோவில்தான் 65 வோற்றுக்கு இறங்கி, வேலையும் கூடச் செய்தது.

அதற்கு முன்னரே இரண்டு புரொசெசர் வைத்த மேசைக் கணினிகள் இருந்தன. 1999இல் தாய்வானின் அபிட் நிறுவனம் பீ.பி.6 என்ற மதர்போட்டை வெளியிட்டது. மலிவான செலரன் புரொசெசர் இரண்டை அதில் பொருத்தலாம். ஆசைப்பட்டு வாங்கிப் பொருத்தி, விண்டோஸ் 98ஐப் போட்டவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் விண்டோஸ் 98க்கு இரண்டாவது புரொசெசரைப் பயன்படுத்தவே தெரியாது. விண்டோஸ் என்.டி. அல்லது லினக்ஸ் போட்டால்தான் இரண்டும் வேலை செய்யும். வேலைக்கு ஆள் சேர்த்துவிட்டு வேலையைப் பிரித்துக் கொடுக்காமல் விட்ட கதைதான்.

சரி, மூதூர்க் கடையில் என்ன நடந்தது? தூசி தட்ட முன் ஒரு பரிசோதனை செய்தோம். நீங்களும் செய்யலாம், காசு செலவில்லை. வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள்: ரைப் செய்யும் கோப்பு, இணையப் பக்கங்கள், ஸ்கானர். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். மேலே சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று தலைப்பும் ஒவ்வொன்றுக்கும் சதவீதமும் இருக்கும். சி.பி.யு. நூறை ஒட்டியே நின்றால் புரொசெசர் போதாது. மெமரி தொண்ணூறுக்கு மேல் நின்றால் ராம் போதாது. டிஸ்க் நூறில் நின்றால் ஹாட் டிஸ்க்தான் தடை. நாங்கள் பார்த்தபோது சி.பி.யு. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. மெமரி 94. டிஸ்க் 100. அதாவது அந்தப் பழைய இரண்டு கோர் புரொசெசரில் பாதி சும்மா இருந்தது! அதை மாற்றத்தான் கடன் எடுக்கப் போனார்.

அப்போது ஒருவர் அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்தார். சகோதரி கொப்பி இயந்திரத்தைப் போட்டார். மேலே லைற் ஒருமுறை மங்கியது, கம்பியூட்டர் நின்று திரும்ப எழும்பியது. இது சூட்டினால் நின்றதல்ல, வேறு நோய். பார்த்தால் ஒரே மல்டி பிளக்கில் எல்லாம் கிடந்தன: கம்பியூட்டர், கொப்பி இயந்திரம், மேசை விசிறி. போதாக்குறைக்கு அந்த மல்டி பிளக் முழுவதும் யூ.பி.எஸ்.ஸிலிருந்து வந்தது. கொப்பி இயந்திரமும் லேசர் பிரின்டரும் மையைக் கடதாசியில் சூட்டினால் ஒட்டுகின்றன. உள்ளே உருளை சூடாகும் அந்தச் சில வினாடிகளில் பல நூறு வோற், சிலவேளை ஆயிரத்துக்கும் மேலே இழுக்கும். 650 வீ.ஏ. என்று எழுதியிருக்கும் சிறிய யூ.பி.எஸ். உண்மையில் 400 வோற்றுக்கும் குறைவாகத்தான் தாங்கும். சின்னக் கடகத்தில் மூட்டை நெல்லை ஏற்றினால் என்ன ஆகும்? ஆகவே யூ.பி.எஸ்.ஸில் கம்பியூட்டரும் திரையும் மட்டும். லேசர் பிரின்டர், கொப்பி இயந்திரம், அயன், கேத்தில் எதுவும் அதில் கூடாது. அவற்றுக்குத் தனிச் சுவர்ப் பிளக்.

யூ.பி.எஸ். பற்றி இன்னும் ஒரு சொல். அதற்குள் இருக்கும் பற்றரிக்கும் சூடு ஆகாது. குளிரான நாட்டில் ஐந்து வருடம் இருக்கும் பற்றரி எங்கள் வெப்பத்தில் இரண்டு, மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். பச்சை வெளிச்சம் எரிகிறது என்று நம்பியிருக்க வேண்டாம். முக்கியமான கோப்பு எதுவும் திறந்திராத ஒரு நேரத்தில் சுவர்ச் சுவிச்சை நிறுத்திப் பாருங்கள், எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று. ஐந்து நிமிடம் போதும், சேமித்துவிட்டு நிற்பாட்ட. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனபோது பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்குதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். குரங்குக்கு எதிராக நாம் செய்யக்கூடியது யூ.பி.எஸ். பற்றரியை நல்ல நிலையில் வைத்திருப்பது மட்டுமே.

பிறகு சுத்தம் செய்தோம். அதன் முறையைச் சொல்கிறேன், கவனமாகச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மீந்திருக்கும் மின்சாரத்தைப் போக்குங்கள். பெட்டியின் இரும்புப் பகுதியைக் கையால் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின் போய்விடும். காய்ந்த தூரிகையால் தூசியை மெல்லத் தட்டுங்கள். விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும், சுழல விடக்கூடாது. வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் போய் ஒட்டும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பவர் சப்ளை என்ற மூடிய பெட்டியை ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும்.

அலுமினியக் கட்டியைக் கழற்றினால் அதன் அடியில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஒரு பசை இருக்கும். புரொசெசரின் சூட்டைக் கட்டிக்குக் கடத்துவது அதுதான். சில வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பு போல உதிரும். கழற்றினால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிய பசை இட்டே ஆக வேண்டும், நடுவில் ஒரு நெல்மணி அளவு. புட்டுக்கு நெய் தடவுவதுபோல அள்ளிப் பூச வேண்டாம். புதிய பசைக் குழாய் கையில் இல்லாவிட்டால் கட்டியைத் தொடாமல் மேலிருக்கும் தூசியை மட்டும் எடுங்கள், அதுவே பெரிய உதவி.

துறைமுகப் பட்டினத்தில் இருக்கும் எங்களுக்கு உப்புக்காற்று இன்னொரு தொல்லை. சைக்கிள் செயினைத் தின்னும் காற்று கம்பியூட்டரை மட்டும் விட்டுவைக்குமா? ராம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பிள்ளைகளின் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு இறுக்கமாகப் பொருத்துங்கள். நீலத் திரை வருவதும், போட்டதும் படம் வராமல் பீப் சத்தம் மட்டும் வருவதும் பல தடவை இதோடு நின்றுவிடும். ஒரு சுவையான செய்தி: 2018இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் 864 கம்பியூட்டர்களை ஓர் இரும்பு உருளைக்குள் அடைத்து ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளுக்கு அருகே கடலின் அடியில் இறக்கியது. கடல்நீரே குளிர்த்தும் என்பதுதான் எண்ணம். 2020இல் எடுத்துப் பார்த்தால், தரையில் இருந்தவற்றில் பழுதானதன் எட்டில் ஒரு பங்குதான் பழுது. காற்றில் இருக்கும் ஈரமும் ஒட்சிசனும் இல்லாமல் உள்ளே உலர்ந்த நைதரசனை நிரப்பியிருந்தார்கள். கடலுக்கு அடியில் வைத்ததைவிடக் கடற்கரையில் வைப்பதுதான் கம்பியூட்டருக்குக் கஷ்டம் போலிருக்கிறது!

மூதூர்ச் சகோதரி கடைசியில் வாங்கியவை: ஒரு ராம் பட்டை, பழைய ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்.எஸ்.டி., ஒரு குழாய்ப் பசை, யூ.பி.எஸ்.ஸுக்குப் புதிய பற்றரி. கேட்டிருந்த கடனில் ஒரு சிறு பங்கு, சீட்டுக் காசிலேயே முடிந்தது. பெட்டியை மேசைக்கு மேலே தூக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மாரியில் வெள்ளம் உள்ளே வந்தாலும் அதற்கு எட்டாது. கடன் குழுவில் பெயரை எடுத்துவிட்டார். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன் எங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று உங்களுக்குத் தெரியும். 2018இல் வரட்சி மாவட்டங்களின் பெண்கள் எடுத்த நுண்கடனில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

அப்படியென்றால் புதியது வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்குக் கோர் கூடக் கூட வேலை உண்மையாகவே விரைவாக முடியும், ஏனென்றால் அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். கடிதம் ரைப் செய்கிறவருக்கு எட்டுக் கோரில் ஆறு நித்திரை கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொவ்ற் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய புரொசெசர்களை ஏற்பதில்லை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின்னும் வேண்டும். ஆகவே பாவித்த கம்பியூட்டர் வாங்குகிறவர்கள் "ஐ5" என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஐ5இல் நான்காம் தலைமுறையும் உண்டு, பத்தாம் தலைமுறையும் உண்டு. எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள். நான்கு கோர், 8 ஜீ.பி. ராம், எஸ்.எஸ்.டி. இருந்தால் ஒரு சிறிய கடைக்குத் தாராளம். வாங்க முன் கடையிலேயே, நடுப்பகலில், மூடியை மூடியபடி அரை மணித்தியாலம் வீடியோவும் இணையமும் ஓடவிட்டுப் பாருங்கள். பின்னால் கையை வைத்துப் பாருங்கள். மதர்போட்டில் சின்னப் பீப்பாய்போல நிற்கும் உறுப்புகளில் எதன் தலையாவது வீங்கியிருந்தால் அதை வாங்க வேண்டாம். "இப்ப அவசரம், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் கடைக்காரரிடம் நீங்களும் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பழையதையே வைத்திருக்கப் போகிறவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். யூனிகோட்டில் தமிழ் ரைப் செய்ய அது போதும்.

திருத்தக் கொடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் கம்பியூட்டரில் மற்றவர்களின் துயரமும் இருக்கிறது: வாக்குமூலம், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் படம். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். முடியாவிட்டால் அப்படியான கோப்புகளைப் பென் டிரைவில் மாற்றி வீட்டில் பூட்டி வையுங்கள். எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு கழற்றிய பழைய டிஸ்க்கையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட வேண்டாம். ரைப் செய்யும்போது கன்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் ஒவ்வொரு பந்தி முடிவிலும் அழுத்துங்கள். வேர்ட் மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தானாக மீட்புப் பிரதி எடுக்கும். அமைப்பில் போய் அதை ஒரு நிமிடமாக மாற்றலாம். ஒருவர் வாய் திறந்து சொல்லும் பத்து நிமிடம் திரும்பக் கிடைக்காது.

அந்தத் தாயின் நான்கு பக்கமும் பிறகு ஏழு பக்கமாக முடிந்து, அச்செடுத்து, அவர் கையெழுத்திட்டுக் கொண்டுபோனார் என்று சகோதரி சொன்னார். பகல் இரண்டு மணிக்கும் இப்போது பெட்டி ஓடுகிறதாம். பூப்போட்ட உறையை அவர் எறியவில்லை. இரவில் கடை பூட்ட முன், பெட்டி ஆறிவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்த்துகிறாராம்.

அடுத்த மாதம், பாமினியில் ரைப் செய்து வைத்திருக்கும் பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றுவது எப்படி என்று பார்ப்போம். உங்களிடம் அப்படியான கோப்புகள் இருந்தால் அதுவரை அழித்துவிட வேண்டாம்.